மூன்றாம் பாகத்தின் முடிவு

இந்தப் பெரியவர் கதையை முடிக்காமலே இழுத்துக்கொண்டிருந்தால் தேவலை என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. அவர் முடித்தால் ஓவியா எழுந்திருப்பாள், ஓவியா முடித்தால் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போகவேண்டும், போகிற வழியில் ஐந்து நாற்காலி, மூன்றாவது நாற்காலியின் கால் வெளியே கோணிக்கொண்டிருக்கிறது, அதில் புடவை மாட்டும், மாட்டாமல் தப்பிவிடலாம், ஆனால் அங்கே போய் நின்றபிறகு? கிளை நூலகத்தின் கூடத்தில் நாளிதழ் மேசைகளை ஓரம் கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விளக்கைப் போடவேண்டிய அளவுக்கு வெளியே இருட்டு. ஐப்பசி அடைமழை. சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் அது கொட்டுகிற சத்தம் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும், நிற்கமாட்டேன் என்கிறது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று வரும்போது ஆட்டோக்காரர் சொன்னார், சொல்லிவிட்டு, "இந்த மழையில லைப்ரரிக்கா சார்?" என்று கேட்டார். கேட்டது அவளை அல்ல, பக்கத்தில் இருந்த தணிகாசலத்தை. அவர் விடுவாரா. "எங்க வீட்டம்மா இன்னைக்குச் சொற்பொழிவுப்பா. பறக்குற நாரையைப் பத்தி." ஆட்டோக்காரர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள், சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார். இத்தனை வருஷத்தில் இந்த நூலகத்தின் படியை மிதிக்காத மனுஷன் இப்போது முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிட்டயர் ஆன கண்டக்டர்கள் சீட்டாடுகிற சங்கக் கட்டடத்துக்குள் இன்றைக்கு முழங்கால் தண்ணீர். போக்கிடம் இல்லை. "சரி, நானும் வரேன், நீ என்னதான் பேசறேன்னு பாத்துடுவோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எதற்குத்தான் வந்தது.

கோதண்டபாணி சார், போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிற காவல்காரன் ஒருவன், படிக்கட்டில் தினமும் ஈரக் காலடி, மேலே ஏறுகிற காலடி மட்டும், இறங்குகிற காலடி இல்லை. நல்ல கதைதான். ஆனால் அவர் பேய்க்கு மரியாதை கொடுத்துச் சொன்னார். "அந்த ஆவியானவர், அப்படியே மெதுவா, மெதுவா மேல ஏறி வரார்." பின்வரிசையில் யாரோ, "சார், ஆவியானவருக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார்கள். சுண்டல் பொட்டலங்கள் சரசரத்தன. யாரும் பயப்படவில்லை, செங்கமலம் ஒருத்தியைத் தவிர, அவள் பயம் வேறு. அவள் பயம் அந்த மைக்கில் இருந்தது. கறுப்பாக, தலையில் பஞ்சு உறை மாட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறதே அதில். அதே மாதிரி ஒன்றின் முன்னால் பத்து வருஷத்துக்கு முன்பு நாத்தனார் மகன் கல்யாணத்தில் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள், அத்தை ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசட்டும் என்று. நின்றாள். எதிரே முந்நூறு முகம். வாயைத் திறந்தாள். "எல்லாரும் சத்தம் போடாம வரிசையா உக்காருங்க. தட்டு கொண்டு வராதவங்க கடைசியில" என்று வந்துவிட்டது. சத்துணவு மையத்தில் தினமும் மத்தியானம் சொல்லிச் சொல்லி நாக்கில் உறைந்துபோன வார்த்தை, வேறு வார்த்தை இல்லாத இடத்தில் அது தானாக வெளியே வந்துவிட்டது. மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள், தணிகாசலம் மறக்கவிடவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்ததும், பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் எட்டிய அந்தக் குரலில், "தட்டு கொண்டு வராதவங்க கடைசியிலப்பா!" அவ்வளவுதான், எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பேச்சு கிடைத்துவிட்டால் அதை விடமாட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் ஒன்று கிடைத்துவிட்டால்? நாரை என்று ஆரம்பித்து நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால்? பந்திக்குப் பந்தி இந்த ஞாயிற்றுக்கிழமையும் பரிமாறப்படும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த இடம் போய்விடுமே. சிரித்தவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டு, தான் படிக்கிற அந்த ஜன்னலோர நாற்காலியில் மறுபடி எப்படி வந்து உட்காருவது? அவளுக்கென்று ஊரில் இருப்பது அந்த ஒரு நாற்காலி.

மடியில் புத்தகம் இருந்தது. மின்னல்காடு, மூன்றாம் பாகம். நூலகத்துக்கே உரிய பச்சை காலிகோத் துணி அட்டை, உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுத்தது. முந்தானையால் துடைத்தாள். இளையோர் பகுதி என்று எழுதிய தாழ்வான அலமாரியிலிருந்து எடுத்தது. முதல்முறை அங்கே குனிந்தபோது நூலகர் ஹபீபா, "பேத்திக்கா, அக்கா?" என்று கேட்டாள், இவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். மகனுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பேத்திக்கு எங்கே போவது. எழுத்துப் பெரிசாக இருக்கிறது, வார்த்தை தொண்டையில் மாட்டுவதில்லை, எட்டாவதோடு நின்றவளுக்கு இதுதான் சரி என்று ஆரம்பித்தது. பிறகு அது காரணமில்லை என்று தெரிந்தது. பெரியவர்கள் புத்தகத்தில் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இதில் போகிறார்கள். தாழை என்கிற பதின்மூன்று வயசுப் பெண் கொம்பு முளைத்த நாரை மேல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறாள். அவளைத் துரத்துகிறவன் நிழல் வியாபாரி. ஊர் ஊராக வந்து மனிதர்களின் நிழலை வாங்கிக்கொண்டு போகிறவன், நிழலை விற்றவர்கள் மறுநாளே வாடி உதிர்ந்துவிடுவார்கள். அதைப் படித்த வாரம் செங்கமலம் அடுப்படியில் நின்று திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்தாள், தன் நிழல் இருக்கிறதா என்று. வெட்கக்கேடு. மாவு கரைக்கும்போதும் பார்த்தாள். இருந்தது. தணிகாசலத்துக்கு இருக்கிறதா என்றும் பார்த்தாள், அவர் சட்டை இல்லாமல் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், தடியாக ஒரு நிழல் வாளி வரைக்கும் விழுந்திருந்தது. முதல் பாகம் நூலகத்தில் இல்லை. எந்தத் தொடருக்கும் முதல் பாகம் நூலகத்தில் இருந்ததில்லை, யாரோ கொண்டுபோனவர்கள் கொண்டுபோனதுதான். இரண்டிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் தாழையின் அம்மா, மகளைக் காப்பாற்றத் தன் நிழலை அவிழ்த்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் நின்றபடியே செத்துப்போகிறாள். மூன்றாம் பாகம் முழுக்க அந்த நிழலைத் தேடிப் போகிற பயணம். கடைசியில் குகை வாசல். தாழை விளக்கை உயர்த்திப் பிடிக்கிறாள். உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். அந்தப் பக்கம் அதோடு முடிகிறது. திருப்பினால் அடுத்த பக்கத்தில், வீட்டு வாசல். மழை. கதவைத் தட்டுகிறாள். அம்மா திறக்கிறாள். "ஈரத்தோட நிக்காத, உள்ள வா, சோறு ஆறுது" என்கிறாள்.

அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் அவள் தடுக்கி நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. புரியவில்லை. புரியாத இடம் வந்தால் குறை தன்னுடையது என்பது அவளைப் பொறுத்தவரை தீர்ந்த விஷயம், எழுதியவர்கள் படித்தவர்கள், அச்சடித்தவர்கள் படித்தவர்கள், நடுவில் படிக்காதது தான் ஒருத்திதான். முன்னால் போய் மறுபடி படித்தாள். செத்தவள் எப்படிக் கதவைத் திறப்பாள்? ஜன்னலில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்போதுதான் புரிந்தது. குகைக்குள் அந்த மூச்சு. தாழை செத்துப்போய்விட்டாள். அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். ஒரு வரிகூட எழுதாமல், பக்கத்தைத் திருப்புகிற அந்த இடைவெளியிலேயே பிள்ளை செத்து, அம்மா இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேயும் மழை இருக்கிறது, சோறு இருக்கிறது, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும், சீக்கிரம் படு" என்கிறாள் அம்மா, அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்குமா என்று இரண்டு நாள் யோசித்தாள், இருக்கும், பிள்ளைகள் போகிற இடத்தில் பள்ளிக்கூடம் இல்லாமல் எப்படி. உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அழுதாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. துக்கத்தோடு ஒரு பெருமையும் இருந்தது, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லாத ஒன்றைத் தானே கண்டுபிடித்த பெருமை. யாரிடமும் சொல்லாதவள் ஹபீபாவிடம் சொல்லிவிட்டாள். ஹபீபா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை, ஆனால் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, எனக்கே முடி சிலுத்துக்கிச்சு. இந்த ஐப்பசிக்கு நீங்கதான் சொல்றீங்க." வாசகர் வட்டத்தில் அது வழக்கம். ஐப்பசி வந்தால் பயக்கதை, மாயக்கதை. படித்தவர் எழுந்து நின்று சொல்லவேண்டும், முடிவைச் சொல்லாமல் இறங்கக்கூடாது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது, கேட்கிற முக்கால்வாசிப் பேருக்கு அது கைக்கு வரப்போவதில்லை. முன்பு ஒருவர் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் போய், அந்தப் பிரதிக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு, அட்டை ஒருவர் கையிலும் உள்ளே இருந்தது ஒருவர் கையிலும் வந்தபிறகு போட்ட சட்டம். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெருமைதான் சரி என்று சொல்லவைத்தது. இப்போது அது எங்கே போய் ஒளிந்துகொண்டது?

"அன்னாருடைய ஈரக் காலடி, அவனோட கட்டில் கிட்ட வந்து நின்னுது. நின்னுது" என்று முடித்தார் கோதண்டபாணி சார். கை தட்டினார்கள். தணிகாசலம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காலைத் துடைச்சிக்கிட்டு ஏறியிருக்கலாம்" என்றார், கூடம் சிரித்தது, கோதண்டபாணி சாரும் சிரித்தார், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பார், வந்த கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓவியா எழுந்தாள். மகளிர் கல்லூரியில் படிக்கிறவள், ஜீன்ஸில் முழங்கால்வரை சேறு. "நான் சொல்லப்போறது மின்னல்காடு, முதல் பாகம்" என்றாள். செங்கமலம் நிமிர்ந்தாள். "புத்தகக் காட்சியில அப்பா வாங்கிக் குடுத்தது. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. ஆன்ட்டி மூணாம் பாகம் சொல்லப்போறாங்கன்னு ஹபீபா மேடம் சொன்னாங்க, அதான் மழையில வந்தேன்." செங்கமலத்துக்குச் சின்னதாகச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாரை எப்படிக் கிடைத்தது, கொம்பு எப்படி முளைத்தது, இத்தனை நாள் தெரியாமல் இருந்ததெல்லாம் தெரிந்தது. அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், பயமே இல்லாமல், அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரி. "கடைசியில காட்டுலேருந்து தப்பிச்சு வந்துடறா. வீட்டு வாசல்ல வந்து நிக்கறா, மழை கொட்டுது. கதவைத் தட்டறா." செங்கமலத்தின் உதடு அவளுக்கு முன்னால் அசைந்தது. "அம்மா திறக்கறாங்க. எங்க போனே, ஏன் போனேன்னு ஒண்ணுமே கேக்கல. ஈரத்தோட நிக்காத, உள்ள வா, சோறு ஆறுதுன்னு சொல்றாங்க. அவ்ளோதான். நாளைக்கு ஸ்கூல் போகணும்னு வேற சொல்றாங்க! அவ்ளோ பெரிய சண்டையெல்லாம் போட்டுட்டு வந்தவளை!" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. கை தட்டினார்கள்.

இல்லை. அது முதல் பாகம் இல்லை. அது என்னுடையது, மூன்றாம் பாகம். இந்தப் பெண்தான் எதையோ குழப்பிக்கொண்டு, இல்லை, அவள் ஏன் குழப்பப்போகிறாள், அவளிடம் இருப்பதே ஒரு பாகம். செங்கமலம் மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தாள். விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. விளக்கை உயர்த்திப் பிடித்தாள், உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். அடுத்த பக்கம். வாசலில் வந்து நின்றபோது. இந்தப் பக்கத்துத் தாள் வெளுப்பு, அந்தப் பக்கத்துத் தாள் ஒரு நூல் பழுப்பு. அன்றைக்கும் பார்த்தாளே, மழைக்காற்றில் பழுத்தது என்று நினைத்தாள். பக்க எண் பார்க்கலாம் என்றால் கிடையாது, அட்டை போட்டவர் ஓரம் வெட்டியபோது எண்களையும் சேர்த்து வெட்டிவிட்டார். கடைசித் தாளை அட்டையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், வெளிச்சத்தில் சாய்த்தால் உள்ளே ஏதோ எழுத்து தெரிந்தது, எந்தப் பாகம் முற்றும் என்று படிக்க முடியவில்லை. கிழிந்த பாகங்களைக் கட்டுக்கட்டாகச் சாக்கில் போட்டு பைண்டிங்குக்கு அனுப்புவார்கள், அங்கே பிரித்துப் போட்டதில் முதல் பாகத்தின் கடைசிப் பதினாறு பக்கம் மூன்றாம் பாகத்தின் முதுகில் தைத்துக்கொண்டு வந்துவிட்டது. முதல் பாகம் நூலகத்தில் ஏன் இல்லை என்பதற்கும் அதுவே பதில். இவ்வளவுதான். தாழை சாகவில்லை. அல்லது செத்தாளோ என்னவோ, தெரியாது. யாரும் எதையும் சொல்லாமல் விடவில்லை. எழுதியவர் எழுதியிருக்கிறார், மூன்றாம் பாகத்தின் நிஜமான கடைசிப் பக்கங்கள் எங்கோ எந்தப் புத்தகத்தின் வாலிலோ தொங்குகின்றன, அல்லது அடுப்புக்குப் போயின. தான் கண்டுபிடித்தது ஒரு பைண்டரின் கைத்தவறு. அதற்குத்தான் அழுதாள். அதற்குத்தான் சிலிர்த்தாள், ஹபீபாவையும் சிலிர்க்கவைத்தாள். முகம் சுட்டது. காது சுட்டது. எட்டாவது படித்தவள் எட்டாவதோடு நின்றிருக்கவேண்டும்.

"அக்காவுக்கு முன்னால ரெண்டு நிமிஷம் டீ" என்றாள் ஹபீபா. டீ வந்தது. வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. எழுந்து போய்விடலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம், மழையில் நனைந்தது, வயசு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தணிகாசலம் கேட்பார். ஆட்டோவிலேயே ஆரம்பிப்பார். அல்லது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். குகைக்குள் வியாபாரி இருந்தான், தாழை விளக்கை அவன் மேல் எறிந்தாள், மூட்டை அவிழ்ந்து நிழல்களெல்லாம் பறந்து அவரவர் ஊருக்குப் போயின, அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நல்லாத்தான் இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது, இந்தக் கூடத்தில் உண்மையான முடிவு தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஓவியா இருக்கிறாள், முதல் வரிசைக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்து, நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு, கேட்கத் தயாராக. என்றைக்காவது முழுப் புத்தகம் அவள் கைக்கு வரும். சத்துணவில் முட்டை தீர்ந்துபோன நாளில் வரிசையின் கடைசியில் நிற்கிற பிள்ளையிடம் உள்ளே இருக்கிறது, கொண்டுவரேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராமல் இருப்பது மாதிரி அது. அதை அவள் செய்ததில்லை. தீர்ந்துபோச்சு கண்ணு என்றுதான் சொல்லியிருக்கிறாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே. அப்படியானால் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமா? புத்தகத்தில் கோளாறு, முடிவு இல்லை. அது நேர்மை. அதோடு அந்த வாசல் போய்விடும், அந்தக் கதவு. அது கதையே இல்லை என்று ஆகிவிடும். அப்படி ஆகலாமா? அவளைப் பெற்ற அம்மா செத்துப்போனதும் இதே மாதிரி ஒரு ஐப்பசியில்தான். பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், மூன்றாம் நாள் படகில் ஏற்றி இறக்கினார்கள், போனபோது எல்லாம் முடிந்திருந்தது, அண்ணன்மார் தண்ணீருக்குப் பயந்து பிள்ளைகளோடு மேட்டுத்தெருவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். அவள் போய்த் தட்டினாள். ஒரு தரம் இல்லை. எதிர்வீட்டுக்காரி குடையைப் பிடித்துக்கொண்டு, "யாரும் இல்லம்மா, ஏம்மா தட்டறே" என்று கத்தினாள், காதில் விழுந்தது, கை நிற்கவில்லை. தணிகாசலம் அப்போது டியூட்டியில் இருந்தார். அவருக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. பைண்டருக்கு எப்படித் தெரியும்?

"அடுத்து நம்ம செங்கமலம் அக்கா!" டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ரைட், போலாம்!" என்றார் தணிகாசலம், முன்சீட்டில் இருந்து விசில் வேறு. சிரிப்பு. எழுந்தாள். மூன்றாவது நாற்காலியில் புடவை மாட்டியது, குனிந்து எடுத்துவிட்டுக்கொண்டு போனாள். மைக் வாய்க்கு நேராக வந்து நின்றது. முகங்கள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்த ஒட்டலுக்குப் பின்னால் எது நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும், எல்லாரும் சத்தம் போடாம, அதை விழுங்கினாள். புத்தகத்தைத் திறந்து, கூட்டத்தைப் பார்க்காமல், நாரையைப் பார்த்துச் சொல்வது போல் ஆரம்பித்தாள். குரல் சின்னது. "சத்தமா!" என்றது பின்வரிசை. மைக்குக்கு இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். இரண்டாம் பாகத்தில் அம்மா நிழலைக் கொடுத்துச் செத்ததைச் சொன்னபோது ஓவியா, "அய்யோ" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பு ஏரி, எலும்புப் பாலம், விலைபோகாத நிழல்கள் தொங்குகிற சந்தை. வரிசையாகச் சொன்னாள், ஒன்றையும் விடாமல். தடுக்கியது, திருத்திக்கொண்டாள். குகை வாசலுக்கு வந்தாள். விளக்கை உயர்த்தினாள். உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். நிறுத்தினாள். நிறுத்தியது தெரிந்து மழையும் ஒரு கணம் குறைந்தது போலிருந்தது.

"இதுக்கு மேல இந்தப் புத்தகத்துல இல்லீங்க" என்றாள். "பைண்டிங்ல முதல் பாகத்துக் கடைசியைக் கொண்டுவந்து இதுல சேத்துத் தச்சிருக்காங்க. ஓவியா சொன்னாளே, அதுதான் இதுலயும் இருக்கு. இப்ப அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை நாள் இதான் முடிவுன்னு நெனச்சிட்டிருந்தேன்." சிரிப்பு எழுந்தது, எதிர்பார்த்தது போலவே முதலில் முன்வரிசையிலிருந்து. "அப்ப டிக்கெட் வாங்கினது ஒரு ஊருக்கு, எறங்கினது ஒரு ஊரா?" என்றார் தணிகாசலம். இன்னும் பெரிய சிரிப்பு. ஹபீபா எழுந்து அவள் பக்கம் வந்தாள், "பரவால்லக்கா, உக்காருங்க, அது நம்ம தப்புதான்" என்று மைக்கைப் பிடித்தாள். செங்கமலம் விடவில்லை. தன் கை மைக்கின் கழுத்தை அப்படி இறுக்கிப் பிடித்திருப்பதை அவளே பார்த்தாள். முடிவைச் சொல்லாமல் இறங்கக்கூடாது. "நான் படிச்சதைச் சொல்லிடறேன்" என்றாள். "இவ்வளவு தூரம் வந்துட்டேன்." யாருக்காகவும் காத்திருக்கவில்லை. "உள்ள யாரோ மூச்சு விடறாங்க. பக்கத்தைத் திருப்பறேன். அந்தப் பொண்ணு குகையில இல்ல. அவ வீட்டு வாசல்ல நிக்கறா. மழை. வீட்டுல யாரும் கெடையாது, அது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அம்மா வெயில்ல நின்னபடியே செத்ததை இவ கண்ணால பாத்திருக்கா. இருந்தாலும் தட்டறா. ஒரு தரம் தட்டறா. சத்தம் இல்ல. மறுபடி தட்டறா." அவள் சத்தமாகச் சொல்லவில்லை. குரல் இன்னும் கீழே போயிற்று, யாரும் சத்தமா என்று கேட்கவில்லை. "உள்ளேருந்து தாழ்ப்பாள் எடுக்கற சத்தம் கேக்குது. அம்மாதான் திறக்கறாங்க. பழைய புடவைதான். கையில கரண்டி. ஈரத்தோட நிக்காத, உள்ள வா, சோறு ஆறுதுங்கறாங்க."

சுண்டல் பொட்டலம் ஒன்றும் சரசரக்கவில்லை. ஓவியா, இதே வரியைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னவள், தோள் இரண்டையும் கைகளால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோதண்டபாணி சார்தான் தொண்டையைச் செருமினார். "அது முதல் பாகத்துத் தாள்னு நீங்களே சொல்லிட்டீங்களேம்மா. அப்ப அந்தம்மா உயிரோட இருந்த காலம். அப்படித்தானே? அப்படித்தானே வருது?"

"இருங்க சார்" என்றார் தணிகாசலம். கால்மேல் போட்டிருந்த காலை எப்போதோ இறக்கியிருந்தார். வீட்டிலோ வெளியிலோ ஒரு புத்தகத்தைப் பற்றி அவளிடம் அவர் எதுவும் கேட்டதில்லை, அதனால் எந்தக் குரலில் கேட்பது என்று தெரியாதவர் போல, டிக்கெட் கேட்கிற குரலும் இல்லாமல் பந்திக் குரலும் இல்லாமல், "இந்தா," என்றார். "செத்தவதான் திறந்திருக்கான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுதா?"

செங்கமலம் யோசித்தாள். புத்தகத்தில் பார்க்கவில்லை, அதில் இருக்காது.

"தெரியுது" என்றாள். "தெரிஞ்சுதான் உள்ள போறா."